பூங்காவைப் புதுப்பிக்குமுன்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் 2001 பிப்ரவரி 28 அன்று நின்றது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். பாறையை அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவும் மேடு மேடாக அங்கேயே நிற்கிறது. ஊரார் அதனைச் ‘சயனைடு மலை’ என்பர். பலத்த காற்று வீசும் நாள்களில் அதன் நுண்துகள் குடியிருப்புகளின்மேல் படிகிறது. இத்தகைய ஊரில் ஒரு தெருச் சங்கம் தன் பூங்காவையும் குழந்தைகளின் விளையாட்டிடத்தையும் செப்பனிட விரும்பினால், எங்கிருந்து தொடங்க வேண்டும்? படிப்படியாகக் காண்போம்.

முதற்படி: நிலம் யாருடையது?

பூங்காவும் விளையாட்டிடமும் நகராட்சிகளின் பணிகளுள் ஒன்று என அரசமைப்பின் 74-ஆம் திருத்தம் (1992) சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை குறிப்பிடுகிறது. கர்நாடகத்தில் பூங்காக்களையும் திறந்த வெளிகளையும் காப்பதற்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. எனினும் தங்கவயலில் நகரசபைக்கு உரிய இடமும் சுரங்க நிறுவனத்துக்கு உரிய இடமும் அருகருகே உள்ளன. உரிமை தெளியாத இடத்தில் ஊஞ்சல் நட்டால், பின்னாளில் அதனைப் பெயர்க்க நேரிடலாம். ஆகவே நில ஆவணத்தைப் பார்த்து, உரியவரிடம் எழுத்து வடிவில் இசைவு பெறுதல் வேண்டும்.

இரண்டாம் படி: மண்ணை அறிதல்

சிறு குழந்தைகள் மண்ணில் அமர்ந்து ஆடுவர்; கழுவாத கையை வாயில் வைப்பர். எனவே கருவிகள் வாங்குமுன், ஆர்செனிக், ஈயம் போன்றவை உள்ளனவா என மண்ணைச் சோதனைக்கூடத்தில் ஆய்ந்தறிதல் நலம். கழிவுமேட்டு மணலை விளையாட்டிடத்தில் பரப்பவே கூடாது. வெற்று மண்ணைப் புல்லால் மூடலாம். காற்று வரும் திசையில் வேம்பு, புங்கம் போன்ற மரங்களை வரிசையாக நடலாம். கை கழுவ ஒரு குழாய் வைப்பது குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும்.

மூன்றாம் படி: விழுந்தாலும் அடிபடாமை

விளையாட்டிடத்தில் குழந்தை விழுவது இயல்பு. எதன்மேல் விழுகிறது என்பதே காயத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஏறும் கருவிகளின் அடியில் சிமெண்டுத் தரையோ இறுகிய மண்ணோ இருத்தலாகாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, தளர்வான மணலோ மரச்சீவலோ குறைந்தது 23 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்கிறது. கருவியைச் சுற்றி 1.8 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அதைவிட மிகுதியான இடம் வேண்டும். கம்பிகளின் இடைவெளி 9 முதல் 23 செ.மீ. வரை இருப்பின் குழந்தையின் தலை சிக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கும் மூத்த குழந்தைகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவது நன்று. சக்கர நாற்காலி நுழையும் வகையில் வாயிலும் பாதையும் அமைதல் வேண்டும்.

நான்காம் படி: பராமரிப்புக் கணக்கு

பெரும்பாலான திட்டங்கள் தளர்வது இங்கேதான். எடுத்துக்காட்டாக, பணிக்கு ரூ.10 லட்சம் செலவாகிறது எனக் கொள்வோம். மணலை நிரப்பவும், தேய்ந்த சங்கிலியை மாற்றவும், மரங்களுக்கு நீர் விடவும் ஆண்டுக்கு அதில் 5 விழுக்காடு, அதாவது ரூ.50,000 ஒதுக்குவோம். இத்தொகையை வைப்புநிதியின் வட்டியிலிருந்து மட்டும் பெற விரும்பினால், 6.5 விழுக்காடு வட்டியில் ஏறத்தாழ ரூ.7.7 லட்சம் முதலீடு வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக்கு இது பெருந்தொகை. மாறாக, 100 வீடுகள் மாதம் ரூ.42 வீதம் செலுத்தினால் ஆண்டுக்கு ரூ.50,400 சேரும். இயலாத வீட்டாரை வற்புறுத்தாமல், அவர்களின் உழைப்பைப் பங்காக ஏற்கலாம்.

இப்பணத்தைத் தனிநபர் கணக்கில் வைத்தல் கூடாது. சங்கத்தை முறையாகப் பதிவு செய்து, அதன் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, இருவர் கூட்டாகக் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என வரையறுக்க வேண்டும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூங்கா வாயிலில் எழுதி ஒட்டினால் நம்பிக்கை வளரும். சந்தா தடையின்றி வரும்.

சுரங்கம் நின்று கால் நூற்றாண்டு ஆகியும் அதன் கழிவு நீங்கவில்லை. எந்தப் பணியின் செலவும் திறப்பு விழாவோடு முடிவதில்லை என்பதைத் தங்கவயல் நமக்கு உணர்த்துகிறது. உங்கள் தெருப் பூங்காவுக்குத் திட்டம் தீட்டும்போது, முதல் ஊஞ்சலின் விலையோடு, பத்தாம் ஆண்டில் அதன் சங்கிலியை மாற்றும் செலவையும் சேர்த்து எழுதுங்கள்.