காசு கொடுக்கும் முன் பென் டிரைவ்

லினக்ஸ் போட லேப்டாப் வாங்கணும், எந்தக் கம்பெனி நல்லது என்று தென்காசிப் பக்கம் யார் கேட்டாலும் நான் ஒன்றுதான் சொல்வேன்: கம்பெனிப் பேரை விடுங்கள், ஒரு பென் டிரைவோடு கடைக்குப் போங்கள். அதில் லினக்ஸ் மின்ட்டையோ டெபியனையோ ஏற்றி வைத்திருந்தால், கணினிக்குள் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பின்னால் கோளாறு வந்தாலும் நான் முதலில் தேடுவது அதே பென் டிரைவைத்தான்.

தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. நிரல் எழுதினால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமலே பிழைக்கலாம் என்ற நம்பிக்கை அதனால் சுற்று ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. புது லேப்டாப் வாங்கத்தான் பல வீடுகளில் வசதியில்லை, செகண்ட் ஹேண்ட்தான் வழி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் அலுவலகங்களில் கழிக்கப்பட்டு செகண்ட் ஹேண்ட் கடைக்கு வருகின்றன. லினக்ஸுக்கு அவை இன்னும் பல வருடம் உழைக்கும். எட்டு ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால், நிரல் படிக்கிற பிள்ளைக்குத் தாராளம்.

பரணில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்பைச் சிலர் கொண்டுவருவார்கள். 2011-இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. லினக்ஸ் என்ற பேரையே அதில்தான் முதலில் பார்த்தவர்கள் உண்டு. தட்டச்சுப் பழக அது போதும். இன்றைய பிரௌசருக்கு அதன் ரேம் பத்தாது. அதில் காசு போடவேண்டாம் என்பது என் கருத்து.

கடையில் கேட்கத் தயங்கவேண்டாம். "அண்ணாச்சி, இதப் போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டால், "தாராளமாப் பாருங்க தம்பி" என்பவர்தான் பெரும்பாலும். முடியாது என்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

முதலில் பயாஸுக்குள் நுழைய முடிகிறதா என்று பார்க்கவேண்டும். அலுவலகத்திலிருந்து வந்த கணினியில் பழைய நிர்வாகி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். பல மாடல்களில் அதை எடுப்பது பெரும்பாடு. அடுத்தது வைஃபை. போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு வீடியோவை முழுதாக ஓடவிடுவேன். இன்டெல் வைஃபை சில்லு என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பிராட்காம் என்றால் தனியாக டிரைவர் போடவேண்டி வரலாம். ரியல்டெக்கில் சில மாடல்கள் இணைப்பை விட்டுவிட்டுப் பிடிக்கும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இத்தகைய சில்லுகளுக்கான ஃபர்ம்வேரை நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டதால் பாதித் தொல்லை ஒழிந்தது. அப்படியும் வைஃபை தெரியவில்லையா? போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, இணையப் பகிர்வைப் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். டிரைவரை அந்த வழியில் இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர், மைக், கேமரா எல்லாரும் பார்ப்பார்கள். பலர் விடுவது மூடித் திறப்பதை. மூடியைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் திரை உயிர்பெற வேண்டும். சில மாடல்கள் இதில்தான் மாட்டும். பேட்டரிக்கு மின்ட்டில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற செயலி உண்டு. தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் அது அடுத்தடுத்துக் காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பதறவேண்டாம். சேமிப்பு முறை ரெய்டு என்றோ ஆர்எஸ்டி என்றோ பயாஸில் இருக்கும். ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும். விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர்கள் அதை மாற்றும் முன் பிட்லாக்கர் சாவியைக் கட்டாயம் எழுதி வைக்கவேண்டும். மாற்றியபின் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம், அதற்கும் தயாராக இருக்கவேண்டும்.

கோளாறு என்று வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, பென் டிரைவில் ஓட்டினாலும் அதே கோளாறு வருகிறதா என்பதுதான். வந்தால் பெரும்பாலும் வன்பொருள். வராவிட்டால் நிறுவிய லினக்ஸிலோ எஸ்எஸ்டியிலோதான் சிக்கல். செங்கோட்டையிலிருந்து ஒரு மாணவி கொண்டுவந்த லேப்டாப் சற்று நேரத்தில் உறைந்துவிடும். வேறு லினக்ஸ் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பென் டிரைவிலும் உறைந்தது. திறந்தால் மின்விசிறி நிறையப் பஞ்சுபோல் தூசி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றுக்கு ஜன்னலோரம் வைத்து வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும். தூசி தட்டி, செயலிமேல் புதுத் தெர்மல் பேஸ்ட் வைத்ததும் சரியாகிவிட்டது. லினக்ஸைத் தொடவே இல்லை.

வேறொரு பையனுக்குச் சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் அதே உள்நுழைவுத் திரை திரும்பத் திரும்ப வந்தது. பென் டிரைவில் எல்லாம் சுகம். எஸ்எஸ்டி துளி இடமில்லாமல் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், இறக்கிவைத்த படங்களை அழித்ததும் உள்ளே விட்டது.

பேட்டரி செத்த லேப்டாப்பைச் சார்ஜரில் மட்டும் ஓட்டுபவர்களுக்குக் குற்றாலச் சீசன் நேரத்துக் கரண்ட் கட் பெரிய சோதனை. அடுத்த முறை இனிட்ராம்எஃப்எஸ் என்று எழுதிய கறுப்புத் திரையில் நின்றுவிடும். எல்லாம் போச்சு என்று அழித்து நிறுவக் கிளம்பாதீர்கள். பென் டிரைவில் கிளப்பி, முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, எஃப்எஸ்சிகே கட்டளையால் அந்தப் பகுதியைச் சரிபார்த்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

குற்றாலத்துச் சாரலில் லேப்டாப் பையோடு நனைந்தால் அன்றைக்கு ஆன் பண்ணவே கூடாது. பேட்டரி கழற்ற வருவதானால் கழற்றி, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் மதர்போர்டு போகும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினியில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகினால் அது பழுதல்ல. உள்கடிகாரத்தில் விண்டோஸ் நம்மூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது. லினக்ஸை நம்மூர் நேரத்துக்கு ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். தேதியே சில வருடம் பின்னால் போய், பிரௌசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுத்தால் மட்டும் உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். அதைச் சர்வீஸ் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை.