எவர்சில்வரில் துளை போடுவோம்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு உண்டு. அதற்குப் பக்கத்தில் இருக்கிறது வலியசாலை. இங்குத் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடைகள் உண்டு. குடம், தட்டு, அண்டா எல்லாம் பளபளக்கும். பெரும்பாலும் எவர்சில்வர்தான்.

பெயரில் சில்வர் இருக்கிறது. ஆனால் இதில் வெள்ளி இல்லை. இது ஒரு வகை எஃகு. இரும்போடு குரோமியம் என்ற உலோகம் சேர்த்திருக்கிறார்கள். நல்ல பாத்திரத் தகட்டில் 100 கிலோவுக்குச் சுமார் 18 கிலோ குரோமியம் இருக்கும். சுமார் 8 கிலோ நிக்கலும் இருக்கும். குரோமியம் தகட்டின் மேல் மெல்லிய படலம் போல மூடிக்கொள்கிறது. அதனால் எளிதில் துருப் பிடிப்பதில்லை. 1913-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹாரி பிரியர்லி என்பவர் இத்தகைய எஃகை உருவாக்கினார். நம் சேலம் உருக்காலையிலும் இந்தத் தகடு தயாராகிறது.

ஏன் துளை போடுவது கடினம்?

இட்லித் தட்டின் துளைகளை ஆலையில் அச்சு வைத்துக் குத்தி எடுக்கிறார்கள். பட்டறையில் ஒன்றிரண்டு துளை போட டிரில் மெஷின் வேண்டும்.

ஒரு பட்டறை. தட்டு அடுக்கும் ஸ்டாண்டைச் சுவரில் மாட்ட வேண்டும். அதற்கு 6 மில்லிமீட்டர் துளை தேவை. தொழில் பழகும் பையன் மெஷினை வேகமாக ஓட்டினான். 'கீச்' என்று சத்தம் வந்தது. புகை வந்தது. துளை விழவில்லை.

"அண்ணாச்சி, பிட்டு மழுங்கிப் போச்சு. இன்னும் வேகமா ஓட்டட்டுமா?"

"வேண்டாம் தம்பி, நிறுத்து. வேகம் கூடினா சூடு கூடும். இது மரம் இல்லை. தேய்க்கத் தேய்க்க இறுகிப் போகும்."

பெரியவர் சொன்னது உண்மை. பிட் வெட்டாமல் தேய்த்தால் அந்த இடம் முன்பை விடக் கடினமாகும். சாதாரண இரும்பில் சூடு சீக்கிரம் பரவும். எவர்சில்வரில் அப்படிப் பரவாது. துளையின் வாயிலேயே நிற்கும். அதனால் பிட் கெடும். தகடும் வீணாகும். ஒரு தகடு வீணானால் கூலி போய்விடும்.

எப்படிச் செய்வது?

1. இடத்தை அளந்து குறியிடுங்கள். பஞ்ச் வைத்து ஒரே தட்டு, லேசாகத் தட்டுங்கள். பலமாக அடித்தால் அந்த இடம் இறுகும்.

2. தகட்டின் அடியில் மரக்கட்டை வையுங்கள். இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கச் செய்யுங்கள். தகட்டைக் கையால் பிடிக்கக் கூடாது. பிட் மாட்டிக்கொண்டால் தகடு சுழன்று கையை அறுக்கும்.

3. கூரான பிட் வேண்டும். கோபால்ட் கலந்த பிட் நல்லது.

4. துளைக்கும் இடத்தில் கட்டிங் ஆயில் விடுங்கள். சின்ன வேலைக்குத் தேங்காய் எண்ணெயும் உதவும்.

5. மெதுவாகச் சுழல விடுங்கள். 6 மில்லிமீட்டர் பிட் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்றுச் சுற்றினால் போதும். பிட் பெரிதானால் வேகம் குறைய வேண்டும்.

6. நன்றாக அழுத்துங்கள். சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். சீவல் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். பிட்டை மாற்றுங்கள்.

7. துளை மறுபக்கம் வரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறையுங்கள்.

8. துளையின் ஓரத்தில் பிசிறு இருக்கும். பெரிய பிட் ஒன்றைக் கையால் திருப்பிப் பிசிறை எடுங்கள். பிறகு துடையுங்கள். சாதாரண இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் அது துருப் பிடிக்கும். கடல் காற்று வீசும் ஊரில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

10 மில்லிமீட்டர் துளை வேண்டுமா? முதலில் 4 மில்லிமீட்டர் துளை போடுங்கள். பிறகு பெரிதாக்குங்கள்.

கண்ணும் கையும் முக்கியம்

சீவல் கத்தி போல் கூர்மையானது. கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி அணியாமல் மெஷினைத் தொடாதீர்கள். சீவலைக் கையால் இழுக்காதீர்கள். மெஷினை நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். மெஷின் ஓடும்போது கையுறை வேண்டாம். துணியைப் பிட் சுற்றி இழுத்துவிடும். முந்தானை, துண்டு, நீண்ட கூந்தல் எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள்.

பதில் எழுதுங்கள்

1. எவர்சில்வரில் வெள்ளி இருக்கிறதா?
2. பையன் போட்ட துளை ஏன் விழவில்லை?
3. மெஷின் ஓடும்போது ஏன் கையுறை போடக் கூடாது?
4. பிட்டின் அளவு இரண்டு மடங்கானால் வேகம் பாதியாக வேண்டும். 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு 600 சுற்று. 12 மில்லிமீட்டர் பிட்டுக்கு எத்தனை சுற்று?

சேர்த்துப் படியுங்கள்

துளை – துளைகள்
தகடு – தகடுகள்
சீவல் – சீவல்கள்
பிசிறு – பிசிறுகள்