மாற்றமும் அளவும்

மேட்டுப்பாளையம்,
புதுச்சேரி.

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாம் நாளுக்கு நாள் மாறிவரும் காலத்தில், ஐடிஐயில் இரண்டு வருடம் இருந்து டர்னர் தொழிலை முழுதாகக் கற்பது வீண் என்று எழுதியிருக்கிறாய். அதற்குத் துணையாகக் கிரேக்க ஞானி ஹெராக்ளிட்டஸையும் அழைத்திருக்கிறாய். ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது என்று அவர் பெயரால் உலவும் கருத்து உன்னைச் சிந்திக்க வைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நீ அழைத்த சாட்சி உன் பக்கம் பேசமாட்டார். அவர் சொன்னதில் பாதியைத்தான் நீ கேட்டிருக்கிறாய்.

கி.மு. 500ஐ ஒட்டிய காலத்தில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த எபேசஸ் நகரில் வாழ்ந்தவர் அவர். குடும்ப வழியில் வந்த அரச உரிமையைச் சகோதரனுக்கு விட்டுக்கொடுத்தார், தம் நூலை ஆர்டெமிஸ் கோயிலில் வைத்தார் என்றெல்லாம் பழைய செய்திகள் உண்டு. அந்த நூல் அழிந்துவிட்டது. பிற்காலத்தார் எடுத்தாண்டதால் தப்பிய நூற்றுச் சொச்சம் துணுக்குகளே மிச்சம். அவற்றில் ஆற்றைப் பற்றியதைக் கவனி. இறங்குபவர்மேல் புதுப்புது நீர் பாய்கிறது. ஆறோ அதே ஆறு. நீர் ஓடாமல் நின்றால்தான் அது ஆறாக இராது. உலகம் என்றும் அணையாத நெருப்பு என்றார். அந்த நெருப்பு அளவோடு மூள்கிறது, அளவோடு தணிகிறது என்று சேர்த்தே சொன்னார். கதிரவன்கூடத் தன் அளவை மீற முடியாது, ஊர் மக்கள் தங்கள் சட்டத்துக்காக மதிலுக்காகப் போராடுவதுபோலப் போராட வேண்டும் என்பவையும் அவருடைய கருத்துகளே. எல்லாம் ஓடுகிறது, எதையும் பற்ற வேண்டாம் என்று நினைத்தவர் சட்டத்துக்காகப் போராடச் சொல்வாரா?

பாதியை மட்டும் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு. அவர் வழியில் வந்த கிராட்டிலஸ், ஒருமுறைகூட அதே ஆற்றில் இறங்க முடியாது என்று ஆசிரியரையே திருத்தினார். கடைசியில் எதைப் பற்றியும் எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவுகட்டி, விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார் என்கிறார் அரிஸ்டாட்டில். மாற்றத்தை மட்டும் உண்மையாகக் கொண்டவருக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று என்றால், தொழில் எங்கிருந்து வரும்?

ஹெராக்ளிட்டஸை முழுதாகப் படித்துக் காட்டியவர் நம் ஊரிலேயே இருந்தார். 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்த ஸ்ரீ அரவிந்தர், கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் கற்றுத் தேர்ந்தவர். 1914 ஆகஸ்ட் 15 அன்று இங்கே தொடங்கிய ‘ஆர்யா’ மாத இதழில், 1916-17இல் ஹெராக்ளிட்டஸைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். பேராசிரியர் ஆர். டி. ரானடேயின் ஆய்வு அதற்குத் தூண்டுதல். மாற்றத்தைச் சொன்ன அதே ஞானி, அதன் அடியில் மாறாத ஒன்றையும் ஏற்றார் என்பதை அரவிந்தர் எடுத்துக்காட்டினார்; நிலையான இருப்பை மறுத்த மெய்யியலாளர் நீட்சேயிடமிருந்து அவரைப் பிரித்து நிறுத்தினார். அதோடு விடவில்லை. ஆற்றலையும் அறிவையும் கண்ட அவர் ஆனந்தத்தைக் காணவில்லை என்று குறையையும் சொன்னார். மதிப்பும் மறுப்பும் சேர்ந்த இந்தப் படிப்பை நீ கற்றுக்கொள்ள வேண்டும்.

துண்டுதுண்டாகக் கிடைத்ததிலிருந்து யாரும் எதையும் சொல்லலாமே என்று நீ கேட்கலாம். அந்தத் துணுக்குகளைக் காத்தவர்கள் ஒரே கட்சிக்காரர்கள் அல்லர். புளூட்டார்க் கிரேக்கக் கோயிலில் பூசாரியாக இருந்தவர். கிளெமென்ட்டும் ஹிப்போலிட்டஸும் கிறித்தவர்கள். வெவ்வேறு நோக்கில் எடுத்தாண்டவர்களிடமிருந்து வந்த துணுக்குகளில் அளவும் ஒழுங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால், அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ஹெராக்ளிட்டஸ் பெரும்பாலோரை இகழ்ந்தவர், போரை எல்லாவற்றுக்கும் தந்தை என்றவர் என்றும் நீ சொல்லலாம். உண்மைதான். அந்த இகழ்ச்சியை நான் ஏற்கவில்லை. ஒருவரிடம் கற்பதற்கு அவருடைய எல்லாச் சொல்லுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

நிலையாக இரு என்பது பெரியவர்களின் அச்சம், காலம் யாருக்கும் காத்திராது என்பது உன்னுடைய வலுவான வாதம். மாற்றத்தை நானும் மறுக்கவில்லை. கையால் ஓட்டிய லேத் இருந்த இடத்தில் இன்று கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரம் நிற்கிறது. நாளை வேறொன்று வரும். ஆனால் தண்டின் விட்டம் சரியா என்று மைக்ரோமீட்டரில் பார்க்கும் வேலை இரண்டுக்கும் பொது. எந்த உலோகத்தை எந்த வேகத்தில் வெட்டலாம், எங்கே உளி அதிரும் என்ற அறிவு இல்லாதவன் கணினிக்கு எதைச் சொல்லிக் கொடுப்பான்? புதிய இயந்திரம் வரும்போது முதலில் தடுமாறுபவன் பழையதையும் அரைகுறையாகக் கற்றவன்தான். ஒரு தொழிலை ஆழமாகக் கற்றவனுக்கே அடுத்ததற்குத் தாவக் கால் ஊன்ற இடம் இருக்கும்.

ஆகவே படிப்பை இடையில் விடாதே. இரண்டு வருடத்தையும் முடித்துச் சான்றிதழை வாங்கு. அதற்குள் அரவிந்தரின் அந்தக் கட்டுரைகளையும் தேடிப் படி. படித்த பிறகும் என்னோடு உடன்படாவிட்டால், காரணங்களோடு மறுத்து எழுது, மனமாரப் படிப்பேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா