கழிவறை நின்றால் கப்பல் மூழ்குமா?

கேள்வி: ஐயா, என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன விடுமுறையில் என்னையும் என் மாமனாரையும் வரவழைத்து, அங்கிருந்து நான்கு நாள் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனான். படத்தில் பார்த்தது ஒன்று, உள்ளே கண்டது ஒன்று. முதல் இரவே எங்கள் வரிசை முழுக்கக் கழிவறை இழுக்கவில்லை. ஐந்து மணி நேரம் அவதி. மறுநாள் ஏ.சி. நின்று கேபின் வெந்தது. காலையில் குழாயைத் திறந்தால் டீத்தண்ணி நிறத்தில் வருகிறது. குளியலறையில் சாக்கடை வாடை. விடியற்காலை கட்டில் தடதடவென்று ஆடியது. யாரைக் கேட்டாலும் ‘டெக்னிக்கல் பிராப்ளம் மேடம்’ என்ற ஒரே பதில். கப்பலுக்கு முப்பது வயதுக்கு மேல் என்று மகன் பிறகுதான் கண்டுபிடித்தான். மாமனார் மட்டும் அசரவில்லை. கீழக்கரைப் பக்கத்துக்காரர், 82 வயது. இருபது வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போனவர். ‘ரஜூலா இதைவிடக் கிழவி, எங்களைப் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தாளே’ என்கிறார். இந்தக் கோளாறெல்லாம் ஆபத்தின் அறிகுறியா? டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கப்பலின் யோக்கியதையை எப்படித் தெரிந்துகொள்வது? நஷ்டஈடு கிடைக்குமா? ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் மறுபடி வரும் என்கிறார்களே, பழைய கப்பலை விட்டால் ஏறலாமா?

— வாசகி, பாரதி நகர், ராமநாதபுரம்

பதில்: அம்மா, உங்கள் மாமனார் சொல்வதில் பாதி நிஜம். ரஜூலா 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். 1973 வரை, 47 வருஷம், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாகையையும் பினாங்கையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போகாத குடும்பம் நம் ராமநாதபுரம் சீமையில் குறைவு. அதற்குப் பிறகு அந்தப் பாதைக்கு வந்தது ‘சிதம்பரம்’. 1966-ல் பிரான்சில் கட்டியது. ரஜூலாவுக்குப் பேத்தி வயது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் வழியில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணமே நின்றுபோனது. கிழவி கரைசேர்ந்தாள், பேத்தி எரிந்தாள். ஆகவே, வயதை மட்டும் வைத்துக் கப்பலை எடைபோடாதீர்கள் என்பதில் நான் அவர் கட்சி.

மீதிப் பாதியை அவர் மறந்துவிட்டார். ரஜூலாவின் தளத்துப் பயணிக்கு ஏ.சி. கிடையாது, கேபின் கிடையாது, அறைக்கொரு கழிவறை கிடையாது. கெட்டுப்போவதற்கு அங்கே சாமானே கம்மி! இன்றைய சொகுசுக் கப்பல் ஒரு சின்ன டவுன். மின்சார வாரியம், குடிநீர் வாரியம், பாதாளச் சாக்கடை, பனிக்கட்டிக் கம்பெனி எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்த டவுனுக்கு முப்பது வயதானால் நம் ஊர் நகராட்சிக் குழாய்க்கு வரும் வியாதிகள் எல்லாம் அதற்கும் வரும்.

முதலில் கழிவறை. வீட்டில் தண்ணீர் தள்ளுகிறது. கப்பலில் காற்று இழுக்கிறது. பம்புகள் குழாய்க்குள் எந்நேரமும் வெற்றிடத்தை வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு லிட்டர் அளவு தண்ணீரோடு ‘சர்’ரென்று உறிஞ்சிக்கொள்ளும். குழாய் ஒல்லியானது. சிறுநீரின் உப்பு வருஷக்கணக்கில் சுண்ணாம்பாகப் படிந்து, முப்பது வயதுக் குழாயில் பாதி வாயை அடைத்துவிடும். அந்த நேரம் பார்த்து எவரோ ஈரத் துடைப்புத் தாளையோ குழந்தையின் டயாபரையோ போட்டால் அந்த வரிசை முழுக்க வெற்றிடம் போய்விடும். நான் 34 வருஷம் எஞ்சின் ரூமில் இருந்தவன். பயணிக் கப்பலில் நான் வெளியே எடுத்தவற்றில் ஒரு முழு உள்பாவாடையும் உண்டு. ஆகவே, குற்றம் பாதி கிழக் குழாய்க்கு, பாதி பயணிக்கு.

ஏ.சி. விஷயம் நம் கடற்கரைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கப்பலின் குளிரூட்டும் இயந்திரம் தன் சூட்டைக் கடல் நீரில்தான் இறக்கிவைக்கிறது. அந்த நீரை உறிஞ்சும் வாயில் சொறி மீன் கூட்டம் அடைத்தாலோ, உள்ளே கொட்டலசு வளர்ந்து ஓட்டம் குறைந்தாலோ இயந்திரம் தானாக நின்றுவிடும். நான் இருந்த ஒரு கப்பலில் (பெயர் எதற்கு) வடிகட்டியைத் திறந்தால் வாளி வாளியாகச் சொறி. அள்ளி முடிக்கச் சாயங்காலம் ஆனது. மேலே ஆயிரம் பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

டீத்தண்ணி நிறம் துரு. எங்கோ பழுதுபார்க்க லைனை மூடித் திறந்தால் குழாயின் உள்பக்கத் துரு பெயர்ந்து வரும். சில நிமிஷம் திறந்துவிட்டால் தெளியும். தெளியாவிட்டால் குடிக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. நாள்பட உபயோகிக்காத பழைய குழாயில் வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். ஷவரின் சாரலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கேபினுக்குள் போனதும் சுடுநீர் ஷவரைத் திறந்துவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிஷம் நில்லுங்கள். சாக்கடை வாடைக்கு வைத்தியம் இன்னும் எளிது. குளியலறைத் தரையின் வடிகால் வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நின்று வாடையைத் தடுக்கும். கப்பல் ஆடுகையில் அது வற்றிப்போகும். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அநேகமாக வாடை நின்றுவிடும்.

விடியற்காலைத் தடதடப்பு பழுதே இல்லை. துறைமுகத்துக்குள் கப்பலைப் பக்கவாட்டில் தள்ள முன்பக்கம் தனிச் சுழலிகள் உண்டு. அவை ஓடினால் அதற்கு மேலே இருக்கும் கேபின் ஆடும். மலிவு டிக்கெட்டுக்கு அந்த இடமோ, பின்பக்கம் உந்துவிசிறிக்கு மேலே உள்ள இடமோதான் கிடைக்கும். அடுத்த முறை நடுக்கப்பலில் கேளுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் அவதி. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2012-ல் இத்தாலிக் கரையில் பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கார்டியாவுக்கு வயது ஆறுதான். 2013-ல் மெக்சிகோ வளைகுடாவில் எஞ்சின் ரூம் தீயால் மின்சாரம் போய், கழிவு நீர் நடைபாதையில் ஓட நான்கு நாள் மிதந்த கார்னிவல் டிரையம்ஃபுக்குப் பதினான்கு. எரிபொருள் குழாய் ஒன்று கசிந்ததுதான் அங்கே காரணம். அதற்கு முந்தின வருஷம் நம் இந்துமாக்கடலிலேயே கோஸ்டா அலெக்ரா தீப்பிடித்து மின்சாரம் இல்லாமல் மிதந்தது. ஆயிரம் பேரோடு அதைக் கயிறு கட்டி செஷல்ஸுக்கு இழுத்துவந்தது ஒரு பிரெஞ்சு மீன்பிடிக் கப்பல். பாம்பன்காரனுக்கு இதைச் சொன்னால் மீசையைத் தடவிக்கொள்வான்.

இருந்தாலும் கழிவறைக் குழாய்க்கும் கப்பல் மூழ்குவதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஓஷியானோஸ் என்று ஒரு கப்பல், 1952-ல் பிரான்சில் கட்டியது. 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கரைக்கு வெளியே புயலில் எஞ்சின் பக்கம் கடல் நீர் புகுந்தது. நீர் ஓர் அறையோடு நின்றிருக்க வேண்டும். அதற்குத்தானே தடுப்புச் சுவர். ஆனால், பழுதுபார்த்தபோது அந்தச் சுவரில் போட்ட ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தார்கள். கழிவுநீர்க் குழாயில் நீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வுகளையும் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. கடல் அந்த வழியாகவே மேலே ஏறிக் கழிவறைகளிலும் குளியலறைகளிலும் பொங்கியது. கேப்டன் பல பயணிகளுக்கு முன்னாலேயே ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார். கப்பலில் பாட்டுக் கச்சேரி நடத்த வந்த கலைஞர்கள் ஜனங்களை ஒழுங்குபடுத்தினார்கள். 571 பேரும் பிழைத்தார்கள், கப்பல் மட்டும் போயிற்று. அதை முடித்தது 39 வயது இல்லை, அரைகுறையாக விட்ட ரிப்பேர்.

இதுதான் பழைய சொகுசுக் கப்பலின் வியாதி. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்திலும் பாம்பனிலும் பார்த்திருப்பீர்கள். விசைப்படகைக் கரையேற்றி, கொட்டலசைச் சுரண்டி, பலகை மாற்றி, கலப்பத்துப் பார்த்து, வர்ணம் அடிக்கிறார்கள். கடன் வாங்கியாவது செய்கிறார்கள். சொகுசுக் கப்பலுக்குத் தடைக்காலமே கிடையாது. காலையில் ஒரு கூட்டம் இறங்கினால் மாலையில் அடுத்த கூட்டம் ஏறும். டிரை டாக்கில் ஏற்றுவது பொதுவாக ஐந்து வருஷத்தில் இரண்டு முறை, சில வாரம். அந்தச் சில வாரத்திலும் கம்பளத்துக்கும் பாருக்கும் போகும் காசு குழாய்க்குப் போகாது. பயணி கண்ணுக்குக் குழாய் தெரியாதே! இன்னும் இரண்டு வருஷத்தில் விற்றுவிடலாம் என்று முதலாளி நினைக்க ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். ஒரு பம்பின் சாமானைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டுவோம். நானே செய்திருக்கிறேன்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் என்ன பார்ப்பது? ஒவ்வொரு பயணிக் கப்பலுக்கும் ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்கம் உண்டு. பெயரை மாற்றலாம், கொடியை மாற்றலாம், அந்த எண்ணை மாற்ற முடியாது. சென்னையிலிருந்து 2023-ல் இலங்கைக்குப் போன ‘எம்ப்ரஸ்’ கூட 1990-ல் ‘நோர்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் வந்ததுதான். ‘ஈக்வாசிஸ்’ என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிந்து எண்ணைப் போட்டால், கப்பல் எப்போது கட்டியது, எந்தத் துறைமுகத்தில் சோதித்தார்கள், எத்தனை குறை எழுதினார்கள், எப்போதாவது நிறுத்திவைத்தார்களா என்பதெல்லாம் வரும். குறை எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். எந்தக் கப்பலுக்கும் நாலு இருக்கும். ஒரே குறை மறுபடி மறுபடி வந்தாலோ, தீ, உயிர்காப்புப் படகு சம்பந்தமாக நிறுத்திவைத்திருந்தாலோ அந்தக் கப்பலை விட்டுவிடுங்கள்.

ஏறிய பிறகு கம்பளத்தைப் பார்க்காதீர்கள். மாடிப்படியருகே இருக்கும் தீத்தடுப்புக் கதவுக்கு ஆப்பு வைத்துத் திறந்து போட்டிருக்கிறார்களா? உயிர்காப்புப் படகைத் தாங்கும் இரும்புக் கையில் துரு பொருக்காக உதிர்கிறதா? கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட கையோடோ எல்லாருக்கும் அவசரப் பயிற்சி நடத்தவேண்டும் என்பது கான்கார்டியாவுக்குப் பிறகு, 2015 முதல், சர்வதேச விதி. அதை ஏனோதானோ என்று நடத்துகிறவர்கள் கீழே எஞ்சின் ரூமையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். விளக்கு அணைந்தால் மனதுக்குள் எண்ணுங்கள். 45 வினாடிக்குள் அவசர ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். 45 தாண்டியும் இருட்டென்றால் மாமனாரைக் கையில் பிடித்துக்கொண்டு, பயிற்சியில் காட்டிய இடத்துக்கு நடங்கள்.

ஒன்று மட்டும் புதுக் கப்பலுக்குச் சாதகம். 2010 ஜூலைக்குப் பின் கட்டத் தொடங்கிய பெரிய பயணிக் கப்பலில், ஓர் எஞ்சின் அறை எரிந்தாலும் மற்றொன்றைக் கொண்டு துறைமுகம் திரும்பும்படி எல்லாவற்றையும் பிரித்து வைத்திருப்பார்கள். உங்கள் கப்பல் அதற்கு முன்னால் பிறந்தது.

நஷ்டஈடு: மகன் சிங்கப்பூரில் காசு கட்டியிருந்தால் அங்கே சிறு உரிமைகோரல் மன்றம் இருக்கிறது, வக்கீல் வேண்டாம், இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். கப்பலிலேயே புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வாங்கியிருந்தால் பலம். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், கழிவறை நின்றது உங்களுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

தலைமன்னார் விஷயத்தில் கவலை வேண்டாம். இந்த மாதிரிக் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வரவே முடியாது. பாக் நீரிணையில் அதற்கு ஆழம் போதாது. 1914-ல் தனுஷ்கோடியிலிருந்து ஓடத் தொடங்கிய ஸ்டீமர்களும், பின்னால் வந்த இர்வினும் கோஷனும் அளவில் சிறியவை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்து போன ராமானுஜம், இலங்கைப் போர் மூண்டபின் 1980-களின் நடுவில் நின்றது. இரண்டு அரசுகளும் அந்தப் பாதையைத் திரும்பத் திறப்பதாகச் சொல்லிவருகின்றன. வந்தால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை ஓட்டத்தைப் போலச் சின்னப் படகுதான் வரும். சில மணி நேரப் பயணம்.

அப்போது படகின் வயதோடு அந்தக் கம்பெனியின் கணக்கையும் விசாரியுங்கள். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்ட ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ நினைவிருக்கிறதா? 1972-ல் யூகோஸ்லாவியாவில் கட்டியது. இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே ஓடிய கப்பல். தூத்துக்குடியில் மேளதாளத்தோடு ஏற்றினார்கள். நவம்பரில் நின்றுவிட்டது. அத்தனை கடல் பார்த்த எஞ்சினை நிறுத்தியது வயது இல்லை: ஆள் ஏறவில்லை, பாக்கி ஏறியது.

உங்கள் மாமனாரிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். ரஜூலாவில் அவர் படுத்தது மேல் தளத்திலா, கீழேயா? கீழே என்றால் எஞ்சின் சத்தம் எப்படி இருந்தது என்று அவர் வாயால் கேட்க எனக்கு ஆசை. அந்த எஞ்சினைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.