‘லுக் செட் ஆகாது’ என்று சொன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஆடிஷனிலும் ‘லுக் செட் ஆகாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பருத் தழும்பு, ஒல்லி உடம்பு, பகலெல்லாம் மளிகைக் கடையில் மூட்டை இறக்கும் வேலை, மாசம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். ‘இந்த மூஞ்சிக்கு நடிப்பு ஒரு கேடா’ என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய்.

முதலில் இந்த இரண்டு பேச்சையும் தனித்தனியாக வை. ‘இந்த வேடத்துக்குப் பொருந்தவில்லை’ என்பது தொழில் பேச்சு. கேட்டுக்கொண்டு அடுத்த வேடத்தைத் தேடு. ‘இந்த மூஞ்சிக்கா’ என்பது தொழில் தெரியாதவன் பேச்சு. அதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

நடிகர் நாகேஷை எடுத்துக்கொள். அவருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. உடம்போ காற்றடித்தால் பறந்துவிடும். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபடியே நாடகத்தில் நடித்தார். வயிற்றுவலிக்காரனாக வந்துபோகும் சின்ன வேடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அவரைப் பாராட்டினார்.

1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தை இன்னொரு தடவை போட்டுப் பார். வசனத்தை விடு, ஏழைப் புலவன் தருமியாக வரும் நாகேஷின் உடம்பை மட்டும் கவனி. கோயிலில் தனியாகப் புலம்பும்போது கால் ஓரிடத்தில் நிற்காது. எதிரே சிவனாகச் சிவாஜி கம்பீரமாக வந்து நின்றதும் அந்த ஒல்லி உடம்பு இன்னும் சுருங்கும். சிவன் எழுதிக் கொடுத்த பாட்டில் பிழை என்று சபையில் சொன்னதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று பேரம் பேசுவார். கன்னம் உப்பிய ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் வெறும் நகைச்சுவையாகப் போயிருக்கும். நாகேஷ் சொல்லும்போது வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் நமக்குத் தெரிகிறது.

‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் அவருக்குப் பிண வேடம். வசனம் கிடையாது, கண் சிமிட்டக்கூட வழியில்லை. தூக்கிய பக்கம் சாயும் அந்த உடம்பை வைத்தே தியேட்டரைச் சிரிக்க வைத்தார். உடம்பின் ஒவ்வொரு மூட்டும் தன் சொல் கேட்கும்படி பழக்கியவருக்குத்தான் அது கைகூடும்.

ஆனால் தழும்பு இருக்கிறவர்கள் எல்லாம் நாகேஷ் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு இயக்குநர் கே. பாலசந்தர் கிடைத்தார். ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘எதிர்நீச்சல்’ என்று அந்த முகத்தை நம்பிக் கதாநாயக வேடங்களை எழுதினார். உன் வயசில் எழுதுகிற பையனோ பெண்ணோ உங்கள் நாடகக் குழுவிலும் இருப்பார்கள். அவர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசு. உனக்கான வேடம் ஆடிஷன் வரிசையிலிருந்து வருவதைவிட அந்தப் பேச்சிலிருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம்.

இனி நடைமுறைக்கு வருவோம். தழும்பை மறைக்கப் பான்கேக்கை அப்பாதே. விளக்குச் சூட்டில் வியர்த்ததும் திட்டுத்திட்டாக நிற்கும். தழும்பைவிட அதுதான் கண்ணை உறுத்தும். நேர் வெளிச்சம் தழும்பை மழுப்பும், பக்கவாட்டு வெளிச்சம் ஆழமாக்கும். எந்தக் காட்சிக்கு எது வேண்டும் என்று லைட் போடுகிற அண்ணனிடம் கேட்டுப் பழகு. ஜிம்மில் யாராவது உடம்பு ஏற்ற ஊசி இருக்கிறது என்றால் அந்தப் பக்கமே போகாதே. கண்ணாடி பார்க்கவே பிடிக்காமல், சோறு இறங்காமல், தூக்கம் வராமல் நாட்கள் போனால் மனநல மருத்துவரைப் பார். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். தொண்டை கட்டினால் டாக்டரிடம் போகிறோமே, இதுவும் அப்படித்தான்.

கேலியை முந்திக்கொண்டு நீயே உன் முகத்தைக் கேலி செய்யும் பழக்கம் உன் கடிதத்தில் தெரிகிறது. அதை விட்டுவிடு. மேடையில் வேடம் கேட்டால் செய், கூலி வாங்கிக்கொள். மேடைக்கு வெளியே இலவசமாகச் செய்யாதே.

மளிகைக் கடை வேலையை இப்போதைக்கு விடாதே. மூட்டை தூக்குகிறவன் முதுகு எப்படி வளைகிறது, இறக்கியதும் மூச்சு எங்கே நிற்கிறது என்பது உன் குழுவில் வேறு யாருக்கும் தெரியாது. அடுத்த ஒத்திகையில் அதைச் செய்து காட்டு.

அன்புடன்,
உன் அண்ணன்