கணக்கு முதலில், பனல் பிறகு

பொழுது பட்டால் கொட்டிலுக்குள் ஒரு வெளிச்சம் வேண்டும். பிள்ளை படிக்க வேண்டும், அடுப்படியில் வேலை முடிய வேண்டும், பூச்சி பாம்பு பார்த்துக் கால் வைக்க வேண்டும். இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990களில் யாழ். குடாநாடு மின்சாரம் இன்றி இருந்த ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டுத் துளி மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம்.

இன்று வீதியோரமாக மின்கம்பி செல்கிறது. ஆனாலும் காணிப் பத்திரம் கைக்கு வராத வளவுகள் உண்டு. புதிதாகப் பற்றை வெட்டிக் குடியேறிய காணிகளும், வயற் காவல் கொட்டில்களும் உண்டு. அங்கெல்லாம் இருள் இன்னும் போகவில்லை. கம்பி வந்த வீடுகளும் 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டன. ஆகவே சூரிய ஒளியில் இருந்து மின்சாரம் எடுக்கப் பலர் விரும்புகிறார்கள். விருப்பம் நல்லதே. ஆனால் கடன்பட்டு வாங்க முன்னர் ஒரு கணக்கு இருக்கிறது.

நாம் சந்தித்த ஒரு தாய், தனது சோடிக் காப்பை அடகு வைத்து 50 வாற் பனல் ஒன்றும் பழைய லொறிப் பற்றரி ஒன்றும் வாங்கினார். முதல் மாதம் வீட்டில் மகிழ்ச்சி. பிறகு சிறிய தொலைக்காட்சி வந்தது, மின்விசிறியும் வந்தது. எட்டாம் மாதம் பற்றரி செத்துவிட்டது. காப்பு இன்னும் அடகில் இருக்கிறது. “பனல் கூடாது” என்று அந்த வீட்டார் சொன்னார்கள். பனலில் பிழை இல்லை. பிழை கணக்கில் இருந்தது.

குளமும் துருசும்

கமக்காரருக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. பனல் மழையைப் போன்றது. பற்றரி குளத்தைப் போன்றது. விளக்கும் வானொலியும் வயல்கள். குளம் நிரம்பியதும் மேலதிக நீர் வான் பாய வேண்டும். நீர் மட்டம் மிகத் தாழ்ந்தால் துருசை மூட வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வது கொன்ரோலர் என்னும் சிறு பெட்டி. அது இல்லாமல் பனலை நேரே பற்றரியில் கொழுவினால், வானும் துருசும் இல்லாத குளத்தின் கதிதான்.

மழை எவ்வளவு பெய்யும் என்று பாராமல் வயலைக் கூட்டினால் என்ன நடக்கும்? குளம் ஒவ்வொரு நாளும் அடி காணும். அந்தத் தாயின் பற்றரிக்கு நடந்தது அதுதான்.

கணக்குப் போடுவோம்

ஒவ்வொரு பொருளின் வாற் அளவையும், அது எரியும் மணித்தியாலத்தையும் பெருக்குங்கள். வருவது வாற்-மணி. ஒரு குடும்பத்தின் ஒரு நாள் தேவை இப்படி இருக்கலாம்:

5 வாற் எல்.ஈ.டி. விளக்கு மூன்று, 4 மணித்தியாலம்: 60
கைத்தொலைபேசி இரண்டுக்கு மின்னேற்ற: 30
5 வாற் வானொலி, 4 மணித்தியாலம்: 20
மொத்தம்: 110 வாற்-மணி

பனல்: எமது வரண்ட பிரதேசத்தில் பகல் 12 மணித்தியாலம் என்றாலும், முழு வெயிலாகக் கணக்கிடக்கூடியது ஏறத்தாழ 5 மணித்தியாலமே. மாரியில் இது குறையும். ஆகவே 4 என்று வைப்போம். 50 வாற் பனல் 4 மணித்தியாலத்தில் 200 வாற்-மணி தரும். தூசி, சூடு, வயர், பற்றரி ஆகியவற்றால் பத்தில் மூன்று பங்கு இழப்பு. மிச்சம் 140. தேவை 110. போதும்.

பற்றரி: இரண்டு நாள் மூட்டம் போட்டாலும் தாக்குப்பிடிக்க 220 வாற்-மணி வேண்டும். ஈய-அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. எனவே 440 வாற்-மணி கொள்ளும் பற்றரி தேவை. அதை 12 வோல்ற்றால் பிரித்தால் ஏறத்தாழ 37. கடையில் 40 அம்பியர்-மணி என்று கேளுங்கள்.

இனி தொலைக்காட்சியைச் சேர்ப்போம். 25 வாற், 4 மணித்தியாலம்: 100. மின்விசிறி 15 வாற், இரவு 8 மணித்தியாலம்: 120. மொத்தத் தேவை 110 இல் இருந்து 330 ஆகிவிட்டது. பனல் தருவதோ அதே 140. இதற்கு 120 வாற் பனலும் 110 அம்பியர்-மணிப் பற்றரியும் வேண்டும். வாங்கப் பணம் இருந்தால் வாங்கலாம். இல்லையேல் விசிறியைப் பூட்டாமல் விடுவதே பற்றரியைக் காக்கும் வழி.

எந்தப் பற்றரி?

லொறி, கார் பற்றரி இயந்திரத்தைத் தொடக்குவதற்கானது. சில விநாடிகள் பெரும் மின்னைக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளும். அதன் ஈயத் தகடுகள் மெல்லியவை. ஒவ்வோர் இரவும் ஆழமாக எடுத்தால் விரைவில் பழுதாகும். சூரிய மின்சாரத்துக்கென்று தடித்த தகட்டோடு வரும் பற்றரியைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கிடைக்கும் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கை எடுக்கலாம். மேற்சொன்ன 110 வாற்-மணிக் குடும்பத்துக்கு 24 அல்லது 25 அம்பியர்-மணி போதும். பாரமும் குறைவு, ஆயுளும் கூட. முதல் வாங்கும் விலைதான் அதிகம். கொன்ரோலர் அந்த வகைப் பற்றரிக்கு ஏற்றதா, அதற்கேற்ப அமைக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஈயப் பற்றரியையும் லிதியம் பற்றரியையும் ஒன்றாக இணைக்கக் கூடாது.

பூட்டும் முறை

1. காலை 9 மணி முதல் பின்னேரம் 3 மணி வரை நிழல் விழாத இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரு கிளையின் நிழல் பனலின் ஒரு மூலையில் விழுந்தாலும், முழுப் பனலின் மின்னும் பெரிதும் குறையும். தென்னை, பனையின் கீழ் வேண்டாம். காய் விழுந்தால் கண்ணாடி போய்விடும்.

2. ஓலைக் கூரையில் பனலை வைக்க வேண்டாம். வளவில் முதிரைக் கப்பு அல்லது இரும்புக் குழாய் நட்டு, சட்டம் அடித்துப் பூட்டுங்கள். பனலின் கீழே காற்றோட்டம் இருந்தால் சூடு குறைந்து மின் கூடும். சோளகத்துக்கும் புயலுக்கும் அசையாதபடி ஆணி அல்ல, போல்ற் நட் கொண்டு இறுக்குங்கள்.

3. பனல் தெற்குப் பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். 50 வாற் பனலை நீளப்பாட்டில் வடக்குத் தெற்காக வைத்தால், வடக்கு விளிம்பு ஐந்து ஆறு அங்குலம் உயர்ந்திருந்தால் போதும். மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லும்.

4. பனலில் இருந்து கொன்ரோலருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் பாவியுங்கள். மலிவென்று 0.75 வயரைப் பத்து மீற்றர் தூரம் இழுத்தால், 3 அம்பியர் மின் ஓடும்போது ஒரு வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே போய்விடும். வாய்க்காலில் ஊறிப்போகும் நீரைப் போலத்தான். தூரத்தையும் குறையுங்கள்.

5. பற்றரியின் நேர்முனைக்கு (+) அருகிலேயே 10 அம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள். வயர்கள் முட்டினால் பற்றரி தீப்பொறி கக்கும். ஓலைக் கொட்டிலில் அது போதும், எல்லாம் எரிந்துபோக.

6. கொழுவும் ஒழுங்கு: முதலில் பற்றரியைக் கொன்ரோலருடன், அடுத்துப் பனலை, கடைசியாக விளக்குகளை. கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நேர்முனைக்குச் சிவப்பு வயர், மறைமுனைக்குக் கறுப்பு வயர் என்று வைத்தால் மாறாது.

7. ஈய-அமிலப் பற்றரி மின்னேறும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில், பலகை மேல், பிள்ளைகளுக்கு எட்டாதபடி வையுங்கள். அருகில் குப்பி விளக்கு, சுருட்டு கூடாது. அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவியபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பராமரிப்பு

பனலை வெயில் ஏற முன்னர், தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடையுங்கள். மூடி திறக்கும் பற்றரியில் மாதம் ஒருமுறை நீர் மட்டம் பாருங்கள். குறைந்தால் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் மட்டும் விடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் உண்டு. அது தகட்டைக் கெடுக்கும்.

விடியற்காலையில் விளக்குகள் அணைந்து சில மணித்தியாலம் சென்ற பின் மீற்றர் வைத்துப் பாருங்கள். ஈயப் பற்றரி 12.7 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 காட்டினால் பாதி. அதற்குக் கீழே என்றால் அன்றிரவு ஒரு விளக்கோடு சமாளியுங்கள். ஒரு மீற்றரைப் பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்கலாம்.

பழுதான பற்றரியை வளவில் உடைக்க வேண்டாம். அதன் ஈயமும் அமிலமும் மண்ணிலும் கிணற்றிலும் சேரும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பற்றரி வாங்குபவரிடம் முழுதாகவே கொடுங்கள்.

கம்பி வந்தால்? எழும்பிப் போக நேர்ந்தால்?

1997 முதல் உலக வங்கியின் நிதியுதவியோடு நடந்த திட்டங்களின் கீழ், இலங்கைக் கிராமங்களில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் இத்தகைய சிறு சூரிய மின் தொகுதிகள் பூட்டப்பட்டன. பின்னர் மின்கம்பி வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன. கடன் தீர முன்னரே கம்பி வந்த வீடுகளும் உண்டு. ஆகவே உங்கள் பகுதிக்கு எப்போது கம்பி வரும் என்று விசாரித்து, அதற்குள் தீரக்கூடிய கடனை மட்டும் எடுங்கள்.

பட்டணங்களில் கூரை நிறையப் பனல் பூட்டிப் பொது மின்கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது வேறு முறை. அங்கு பற்றரி இல்லாவிட்டால், கம்பியில் மின் நின்றதும் வீட்டிலும் நின்றுவிடும். இரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்.

மீண்டும் எழும்பிப் போக நேர்ந்தால், போல்ற் நட் போட்டுப் பூட்டிய பனல் அரை மணித்தியாலத்தில் கழன்றுவிடும். சீமெந்தில் புதைத்தது அங்கேயே நிற்கும். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் குடும்ப அட்டை, பிறப்புப் பத்திரங்களோடு ஒரே பையில் வையுங்கள். நாம் விட்டுவிட்டு வந்தவை போதும். இதையாவது கையோடு கொண்டுபோகும்படி பூட்டுவோம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்கள் வீட்டின் ஒரு நாள் தேவை எத்தனை வாற்-மணி? ஒவ்வொருவரும் கொப்பியில் கணக்கிடுங்கள்.
2. மாரியில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் எதை முதலில் அணைப்பீர்கள்? வீட்டில் உள்ள எல்லோரும் அதற்குச் சம்மதமா?
3. மீற்றர், பற்றரித் தண்ணீர் ஆகியவற்றை எமது கிராமத்தில் பொதுவாக வாங்கி வைக்க முடியுமா? பொறுப்பேற்க யார் முன்வருவார்?