எட்டு மதிப்பெண் என்றால் அடி விழவில்லையா?

நம்பிக்கை: வெளிநாட்டில் சோதித்துப் பார்த்த கேள்வித்தாள், பாம்பனை ஒட்டிய மண்டபம் ஊரிலும் செல்லும்.

கணவனிடம் வதைபடும் பெண்களை மருத்துவமனையிலேயே அடையாளம் காண அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் 1998-ல் வெளியிட்டது 'ஹிட்ஸ்'. நாலே கேள்வி: அடிக்கிறாரா, அவமானப்படுத்துகிறாரா, மிரட்டுகிறாரா, கத்தித் திட்டுகிறாரா? 'இல்லவே இல்லை' என்றால் 1, 'எப்போதும்' என்றால் 5. மொத்தம் 10-ஐத் தாண்டினால்தான் ஆபத்து.

பாம்பன் பக்கம் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கும் ஒருத்தியை வைத்துக் கணக்குப் போடுவோம். புருஷன் திட்டமாட்டான், மிரட்டமாட்டான். கைதான் நீளும், ஓயாமல். அவளுக்கு 5+1+1+1, ஆக 8. தாளின்படி வீட்டில் ஒரு குறையும் இல்லை! பாறை கிழித்த காயங்களோடு அவள் வந்தால், அடிபட்ட வீக்கமும் பாறைக் கணக்கிலேயே போய்விடும். படுக்கையறைக் கட்டாயத்தைப் பற்றி அந்த நாலில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட தாள்களைப் பற்றி வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, பாதிக்கப்பட்ட நூறு பேரில் ஹிட்ஸ் ஓர் ஆய்வில் 30 பேரைத்தான் கண்டுபிடித்தது, இன்னொன்றில் அத்தனை பேரையும். எந்தத் தாளின் தரமும் உறுதியாக நிறுவப்படவில்லை என்பதே அதன் முடிவு. நம் நாட்டிலேயே, புனேயில் உருவாகி 2016-ல் வெளியான அளவுகோல் புகுந்த வீட்டாரின் கொடுமையையும் கட்டுப்பாடுகளையும் சேர்த்துக் கேட்கிறது. 63 கேள்விகள். ஓ.பி. வரிசையில் அதைக் கேட்டு முடிப்பது யார்?

நம்பிக்கை: 'இல்லை' என்றால் இல்லைதான்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம்தான் கணவனின் வன்முறையைப் பற்றிக் கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்டதில்தான் 2019–21-ல் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சொன்னார்கள். கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் நிலைமையே வேறு. மாமியார் பையைப் பிடித்தபடி பக்கத்தில், முதுகுக்குப் பின்னால் வரிசை.

"வீட்ல எல்லாம் நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு சிஸ்டர்."

இதைப் பதிலென்று எழுதிக்கொள்வது பதிவேட்டுக்குத்தான் உதவும்.

நம்பிக்கை: வருகிற எல்லோரையும் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2009-ல் வெளியான பெரிய ஆய்வில், கேட்டதால் மட்டும் வன்முறை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனாலும் அமெரிக்க நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு கருத்தரிக்கும் வயதுப் பெண்களிடம் கேட்கச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 2013-ல் எல்லோரிடமும் வேண்டாம், காரணம் ஒட்டாத காயம், மன அழுத்தம் போன்ற அறிகுறி கண்டால் கேளுங்கள் என்றது. அதற்கும் தனியிடம், பயிற்சி, அடுத்து அனுப்ப ஓர் இடம் இவையெல்லாம் வேண்டும். நம் ஊருக்கு இதுவே பொருந்தும் என்பேன்.

அனுப்ப இடம் உண்டு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் பேசலாம். அந்த எண்ணைச் சீட்டில் மட்டும் எழுதித் தராதீர்கள், முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும் வீடுகள் உண்டு. மூன்றே இலக்கங்கள்தான், அவள் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லி அனுப்புங்கள்.